சத்தம் போடாத டீசல்

“வலின்னு ஒண்ணு இருந்தா சத்தம்னு ஒண்ணு இருக்கும். சத்தம் போடாத வலி இந்த உலகத்துலயே கிடையாது!”

மாமா இதை அறிவித்தபோது அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. ஸ்பேனர் கையில் இருக்கும்வரை அந்த வீட்டில் மாமா சொல்வதுதான் சட்டம். கீழே வைத்துவிட்டால் அம்மா சொல்வது சட்டம். அதனால் சாப்பிடும்போதுகூட மாமா பக்கத்தில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொள்வார்.

மாமா, அம்மாவின் தம்பி. கார் மெக்கானிக். வீட்டின் முன்பக்கம் முழுக்க அவருடைய பட்டறைதான். அதே பட்டறையின் ஓரத்தில் தையல் மிஷின் போட்டு, அம்மா கார் சீட்டுகளுக்கு உறை தைப்பார்.

எந்த வண்டி வந்தாலும் மாமா எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைப்பார். அதன் பிடியைத் தன் காதில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அப்போது தெருவில் நாய் குரைத்தால்கூட அவருக்குக் கோபம் வரும்.

“ம்… பெல்ட் அழுவுது,” என்பார் கடைசியில். கழற்றிப் பார்த்தால் பெல்ட் அழுதுகொண்டுதான் இருக்கும்.

ஆனால் இன்றைக்குப் பேச்சு வண்டியைப் பற்றி இல்லை. டீசலைப் பற்றி.

டீசல் ஒரு பூனை. முன்பொரு நாள், பட்டறைக்கு வந்த பழைய வேன் ஒன்றில் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. சாவியோ மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. பேய் என்றே மாமா முடிவு கட்டிவிட்டார். அம்மாதான் துணிந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சாம்பல் நிறக் குட்டி, ‘குர்ர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றே அதற்கு டீசல் என்று பெயர் வைத்தாயிற்று.

அந்த டீசல்தான் இன்று காலை அம்மாவின் கையைப் பிறாண்டிவிட்டது.

“கன்னத்தைத் தடவிக் கொடுக்கத்தான்டா போனேன். வெடுக்குன்னு பிறாண்டிட்டு ஓடுது!” அம்மா கையில் மஞ்சள் நிறக் களிம்பைத் தடவிக்கொண்டே புலம்பினார். “தட்டுல போட்டதையும் தின்னறதில்ல. திமிரு! டயர் குடோன்காரர் எலி பிடிக்கப் பூனை வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரே, ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் அங்க விட்டுடு.”

“அம்மா!” என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. “டீசலுக்கு எங்கயாவது வலிக்குதோ என்னமோ?”

அதற்குப் பதிலாகத்தான் மாமா அந்த மாபெரும் அறிவிப்பை வெளியிட்டார்.

கேள்வி கேட்டவள் அம்மாவின் மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அவள் பெயர் ‘துப்பு’. எதைப் பார்த்தாலும் துப்புத் துலக்கக் கிளம்பிவிடுவாள் என்பதால் மாமா வைத்தது. பால்காரர் சீக்கிரம் வந்தால், “இன்னிக்கு மட்டும் ஏன் சீக்கிரம்?” என்பாள். தாமதமாக வந்தால், “இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?” என்பாள். சரியான நேரத்துக்கு வந்தாலோ, ரொம்பவே சந்தேகப்படுவாள்.

“துப்பு, இதோ பாரு,” என்றார் மாமா. மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்த டீசலின் முதுகில் காதை வைத்தார். “குர்ர்ர்ருன்னு எப்படி ஓடுது கேட்டியா? நின்ன இடத்துலயே ஓடுற ஐடிலிங் சூப்பர். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. இது எங்கயோ வெளியில நல்லா மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வருது. அதான் வீட்டுச் சாப்பாடு இறங்கல.”

சொல்லிவிட்டு ‘ம்ம்ம்… ம்ம்ம்…’ என்று ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வண்டிகள் நிற்கும் பக்கம் போனார். பாட்டென்றாலே பிடிக்காத மாமா, கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் பாடிக்கொண்டிருந்தார். கேட்டால், “மூடு நல்லா இருக்கு,” என்பார்.

வெளியில் தின்கிறதா? துப்புவுக்கு மூக்கு வியர்த்தது.

அந்தத் தெருவில் பூனைக்குச் சாப்பாடு கிடைக்கிற வெளியிடம் ஒன்றே ஒன்றுதான். பேக்கரி.

பேக்கரி அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். துப்பு உள்ளே நுழைந்து, தரையை ஒருமுறை பார்த்தாள். அலமாரியின் இடுக்கைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடி, திருட்டுப் போன சாமானைத் தேடுற மாதிரி பாக்குறே?”

“அக்கா, எங்க டீசலுக்கு நீங்க ரகசியமா ஏதாவது குடுக்குறீங்களா?”

“ரகசியம் என்ன ரகசியம்? முந்தியெல்லாம் கேக் தூள் போட்டா தின்னும். இப்போ வரும், வெண்ணெய்த் தாளைப் போட்டா நக்கும், போயிடும். அவ்வளவுதான். கேக் தூளை மோந்து பாத்துட்டு அப்படியே விட்டுடும்.”

“நக்கும். மெல்லாதா?”

“மெல்லாது.” பேக்கரி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, இப்போது தன் பங்குக்குச் சந்தேகத்தோடு துப்புவைப் பார்த்தார். “அது கிடக்கட்டும். உங்க மாமா ஏன் இப்போல்லாம் என்கிட்ட ரஸ்க் வாங்குறதில்ல? தினமும் ரஸ்க் வாங்குற மனுஷன். இப்போ வெறும் பன்னு. என் ரஸ்க்கைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“நீயே தெரியாதுன்னு சொன்னா எப்படி? துப்புன்னு பேரு வச்சிருக்கே!”

துப்பு வீடு திரும்பினாள். ஒரு சந்தேகத்தைத் தீர்க்கப் போனவள், கையில் ரெண்டோடு வந்திருந்தாள். ஆனால் மாமாவின் பன்னைப் பற்றி யோசிக்க அவளுக்கு இப்போது நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

துணி வெட்டுகிற பெரிய மேசைக்கு எதிரே, சிமென்ட் தரையில், அவள் குப்புறப் படுத்தாள். மோவாயைத் தரையில் வைத்தாள். டீசல் மேசைக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் அதன் தட்டு. தட்டு நிறைய உலர்ந்த பூனைச் சாப்பாடு, சின்னச் சின்ன உருண்டைகளாக.

ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. துப்பறிகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். துப்புவுக்கு அது கொஞ்சம் குறைவு. தூக்கம் வருகிற சமயத்தில் டீசல் எழுந்தது. தட்டின் அருகே வந்தது. மோந்து பார்த்தது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஓர் உருண்டையை வாயில் போட்டது. கடித்தது.

அடுத்த கணம் உருண்டை ‘டொக்’ என்று தரையில் விழுந்தது. டீசல் தட்டைப் பார்த்து ‘ஹிஸ்ஸ்’ என்று சீறியது. தட்டு ஏதோ தன்னைக் கடித்துவிட்டது போல ஓடிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்து, ‘குர்ர்ர்ர்’ என்றது.

துப்புவின் புருவம் மேலே ஏறியது. யாரும் தடவிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. சாப்பாடும் போச்சு. சந்தோஷப்படக் காரணமே இல்லாத இடத்தில் ஒரு பூனை எதற்காகக் குர்ர் என்கிறது?

இந்தப் பூனை எதையோ மறைக்கிறது.

“என்ன துப்பு, தரையில ஆயில் லீக்கா?” தலைக்குமேல் மாமாவின் குரல் கேட்டது.

“உஷ்! டீசலோட மூஞ்சியைப் பாக்குறேன் மாமா.”

மாமா ‘ஹஹ்ஹா’ என்று சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்தி, ‘ம்ம்ம்…’ என்று பாட்டுக்கு மாறினார். “பூனை மூஞ்சியில என்னம்மா இருக்கு? சிரிச்சாலும் அதே மூஞ்சி, அழுதாலும் அதே மூஞ்சி. நாளைக்கு என்ன, கார் மூஞ்சியைப் பாத்துக் காய்ச்சல்னு சொல்லுவியா?”

“கண்ணைப் பாருங்க மாமா. பாதி மூடியிருக்கு.”

“பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுடும்னு நினைக்குமாம். நீ என்னடான்னா, அது பாதி மூடினதுக்கே பட்டறையை இருட்டாக்குறே. எழுந்திரு, எழுந்திரு. சட்டையெல்லாம் கிரீஸ்.”

துப்பு எழுந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. மாமா சொன்னது ஒரு விதத்தில் சரி. ஒரு மூஞ்சியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு வேண்டும்.

அம்மாவின் செல்போனை வாங்கினாள். லீவு நாட்களில் எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. சீட்டு உறைகளின் குவியல்மேல் ராணி மாதிரி டீசல் படுத்திருக்கும் படம். அதைச் சுவரோர டீசலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, கொஞ்சம் வாயேன். இந்தப் படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு.”

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். களிம்பு பூசிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். டீசலிடம் இன்னும் கோபம் தீரவில்லை.

“ரெண்டும் அதே திமிர் பிடிச்ச பூனைதான்.”

“காதைப் பாரும்மா. படத்துல நேரா நிக்குது. இப்போ ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிச் சாஞ்சிருக்கு. கன்னம் படத்துல உருண்டையா, பொதபொதன்னு இருக்கு. இப்போ இறுகிப்போயிருக்கு. மீசை அழகா வளைஞ்சிருந்துச்சு, இப்போ கம்பி மாதிரி நிக்குது. தலையைப் பாரு, தோளுக்குக் கீழ தொங்குது.”

அம்மா குனிந்தார். படத்தைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். தையல்காரருக்கு ஒரு நூல் கோணினாலும் தெரிந்துவிடும்.

“முதுகு முடியெல்லாம் ஏன் இப்படி சிக்குப் பிடிச்சுக் கிடக்கு?” என்றார் மெதுவாக. “நாள் பூரா நக்கி நக்கிப் பட்டு மாதிரி வச்சிருக்குமே.”

“அதான் எனக்கும் சந்தேகம்.”

துப்பு ஓடிப்போய்ச் சமையலறையில் கொஞ்சம் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுட வைத்தாள். பூனைச் சாப்பாட்டு உருண்டைகளை அதில் ஊற வைத்தாள். அவை கூழாகிற வரை காத்திருந்து, டீசலின் முன்னால் வைத்தாள்.

டீசல் மோந்தது. ஒரு நக்கு நக்கியது. பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, தட்டு தரையில் நகர்ந்து நகர்ந்து சுவரில் இடிக்கும் வரை நக்கித் தீர்த்தது.

“வெளியில எங்கயும் தின்னலம்மா. பசியோட இருந்திருக்கு. வாயிலதான் ஏதோ. நீ கன்னத்தைத் தொட்டதும் அதான் பிறாண்டியிருக்கு.”

அம்மா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். டீசலைத் தொடப் போனவர், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

“டயர் குடோன்ல இதால எலியைக் கடிச்சிருக்கவே முடியாதேடி,” என்றார். “பட்டினியில்ல கிடந்திருக்கும்!”

அன்று சாப்பிடும்போது, டீசலை டாக்டரிடம் கொண்டுபோவது என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். மாமா ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

“அக்கா, நல்லா ஓடுற வண்டியை யாராவது பட்டறைக்குக் கொண்டுபோவாங்களா? குர்ர்ருன்னு சொல்ற பூனைக்கு டாக்டரா? ஊரே சிரிக்கும்.”

“ஸ்பேனரைக் கீழ வைடா.”

மாமா கீழே வைத்தார்.

துப்பு வறுத்த கடலைத் தட்டை மாமா பக்கம் நகர்த்தினாள். மாமாவுக்குக் கடலை என்றால் உயிர். மாமா கடலையைப் பார்த்தார். கடலையும் மாமாவைப் பார்த்தது.

“வேணாம்மா. வயிறு ஃபுல்.” பன்னைத் தண்ணீரில் முக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, மெதுவாக வாயில் போட்டுக்கொண்டார். ‘ம்ம்ம்… ம்ம்ம்…’

துப்புவின் கை கடலைத் தட்டின்மேல் அப்படியே நின்றது. இந்தச் சாய்ந்த தலையை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். இன்றைக்கேதான் பார்த்திருந்தாள்.

மாமாவோ, ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

துப்பு தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நல்ல துப்பறிவாளர் ஆதாரம் முழுதாகக் கிடைக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். அதுவும், இந்த வழக்கே வாயைத் திறக்காதவர்களைப் பற்றியது.

சனிக்கிழமை மாமாவே பட்டறை வேனை ஓட்டினார். டீசல் அம்மாவின் மடியில், கூடைக்குள் இருந்தது. வழியெல்லாம் மாமா ‘ம்ம்ம்’ என்று பாட, கூடை ‘குர்ர்ர்’ என்று தாளம் போட்டது.

விலங்கு டாக்டரம்மா கூடையைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஆனால் டீசலைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா துப்புவின் காதில் கிசுகிசுத்தார்: “உன்னை மாதிரியே ஒரு ஆளு. எப்போ தரையில படுப்பாங்களோ தெரியல.” பிறகு சத்தமாக, “டாக்டர், அது குர்ர்ருன்னு சொல்லுது. நல்லாக் கேளுங்க. நான் சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், என் சர்வீஸ் அப்படி. வலியிருந்தா கத்தாதா?”

“கத்தாது சார். பூனை முடிஞ்சவரைக்கும் வலியை மறைக்கத்தான் பாக்கும். குர்ர்ருன்னு சந்தோஷத்துலயும் சொல்லும், வலியிலயும் சொல்லும். நாம தாங்க முடியாதப்போ நம்மளை நாமே தட்டிக் கொடுத்துக்குவோம் இல்லையா, அந்த மாதிரி.”

உதவியாளர் டீசலைத் துண்டில் சுற்றிப் பிடித்தார். டாக்டரம்மா மேலுதட்டை லேசாகத் தூக்கினார். ஒரு பக்கத்தில் ஈறு செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. அதற்கு நடுவே ஒரு பல் விரிசல் விட்டிருந்தது.

“அடப் பாவமே,” என்றார் அம்மா.

“மயக்க மருந்து குடுத்து எடுத்துடலாம். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க. இதை யாரு கண்டுபிடிச்சது? எத்தனையோ பேர் பூனை மெலிஞ்சு எலும்பும் தோலுமா ஆன பிறகுதான் கொண்டு வர்றாங்க.”

எல்லோரும் துப்புவைப் பார்த்தார்கள். துப்பு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் ‘ம்ம்ம்’ எப்போதோ நின்றுபோயிருந்தது.

“டாக்டர், ஒரு சந்தேகம்,” என்றாள் துப்பு. “ஒருத்தர் தினமும் சாப்பிட்ட ரஸ்க்கை விட்டுட்டாரு. கடலையைத் தொடறதில்ல. தலையைச் சாய்ச்சுக்கிட்டு மெல்றாரு. பாதிச் சிரிப்புல நிறுத்திடறாரு. பாட்டே பிடிக்காதவரு, நாள் பூரா ம்ம்ம்னு பாடுறாரு. அவரை இங்கயே பாப்பீங்களா?”

“துப்பு!” என்றார் மாமா. “வேனுக்குப் போலாம் வா. வேன் திறந்தே கிடக்கு.”

“டேய்,” என்றார் அம்மா. “வாயைத் திற.”

“அக்கா, நாலு பேர் இருக்கிற இடத்துல…”

“திறடா!”

மாமா அக்கம்பக்கம் பார்த்தார். அந்த அறையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. வாயைத் திறந்தார். அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, டீசலுக்குச் சொன்னதையே மறுபடி சொன்னார்: “அடப் பாவமே!”

“பல் டாக்டர் எதிர்க் கட்டடத்துல மாடியில இருக்காரு,” என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “பூனைக்கு மயக்கம் தெளிய நேரம் இருக்கு. போயிட்டு வந்துடலாம்.”

“இவருக்கும் ஒரு துண்டு தரட்டுமா? சுத்திப் பிடிக்க?” என்று உதவியாளர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

மாடிப்படியில் மாமா கால்களைத் தேய்த்துத் தேய்த்து ஏறினார். டீசல்கூட இவ்வளவு அடம் பிடிக்கவில்லை.

“ஏன் மாமா சொல்லல?” என்று துப்பு கேட்டாள்.

மாமா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். “பல் டாக்டர்கிட்ட ஒரு மிஷின் இருக்கும்மா,” என்றார் ரகசியமாக. “அது போடுற சத்தம் எனக்குப் பிடிக்காது.”

துப்பு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அதை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. துப்பறிகிறவர்கள் சில தகவல்களை வெளியிடுவதில்லை.

அன்று சாயங்காலம் அந்த வேனில், பல் எடுத்த இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் கூடைக்குள் தூங்கினார். இன்னொருவர் வாயில் பஞ்சோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் வேனை ஓட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டயர் குடோன்காரர் போன் செய்தார். அம்மா எடுத்தார்.

“பூனையா? இல்லீங்க, தர்றதா இல்ல. எங்க வீட்டுப் பூனை அது. எலியா? எலிக்கு வேணும்னா என் தம்பியை அனுப்பட்டுமா? அவனுக்கும் ஒரு பல்லு குறைச்சல்தான், பரவாயில்லையா?”

துப்பு பேக்கரிக்குப் போய்ப் பன் வாங்கினாள். ரஸ்க்கின்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பேக்கரி அக்காவிடம் முறைப்படி தெரிவித்தாள். அக்காவுக்குப் பெரிய நிம்மதி. ஒரு பன் கூடவே போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது பட்டறை அமைதியாக இருந்தது. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். மாமாவுக்கு ஒரே ஒரு பல்தான் போயிருந்தது. ஆனால் சொல் மொத்தமும் போயிருந்தது. தையல் மிஷின்கூட ஓடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து மட்டும் ‘குர்ர்ர்ர்’ என்று கேட்டது.

துப்பு சட்டென்று நின்றாள். இது எந்தக் குர்ர்? நல்ல குர்ரா? மருந்து கொடுத்தும் இன்னும் வலிக்கிறதா? சந்தேகம் மறுபடியும் தலைதூக்கியது. பார்த்துவிடுவோம் என்று மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அங்கே ஏற்கெனவே இடம் இல்லை.

வீங்கிய கன்னத்தோடு, மோவாயைச் சிமென்ட் தரையில் வைத்து, மாமா குப்புறப் படுத்திருந்தார். ஒரு கையில் அம்மாவின் செல்போன். அதில் லீவு நாளில் எடுத்த டீசலின் படம். மாமா படத்தைப் பார்த்தார். டீசலின் காதைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். டீசலும் முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, மாமாவின் வீங்கிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன மாமா,” என்றாள் துப்பு, “ஆயில் லீக்கா?”

மாமா திரும்பவில்லை. நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டார். பிறகு கிரீஸ் படிந்த விரலை உதட்டின்மேல் வைத்தார்.

சத்தம் போடக் கூடாதாம்.